ஒற்றைக்கண் ராஜா ஒப்புக்கொள்ளும் இடம்

கடவுள்கள் சாகக் கூடாது என்று முதல் வாரமே முடிவாகிவிட்டது.

உலகத்தின் வடகோடியில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் நாடுகளின் பழைய புராணம் அது. நார்ஸ் புராணம் என்பார்கள். அதில் கடைசியாக ஒரு யுத்தம் வரும். ஓநாய் சூரியனை விழுங்கும், கடல் பொங்கும், பெரிய பெரிய கடவுள்கள் எல்லாம் வரிசையாகச் சாவார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதுதான் அந்தக் கதையின் உயிர். படக் கம்பெனி முதலாளி இரண்டு பக்கச் சுருக்கத்தைப் படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் செத்துட்டா ரெண்டாம் பாகத்துல யாரை வச்சுப் படம் எடுக்கிறது?"

கதையின் உயிர் அந்த நிமிஷமே போய்விட்டது. உயிர் போன பிறகு உடம்பைக் கூறு போடுவதில் ஒரு சிரமமும் இல்லை. கடவுள்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பவரின் குதிரைக்குப் புராணத்தில் எட்டுக் கால். கிராபிக்ஸ் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டியதும் நாலு கால் போதும் என்றானது. அதாவது, குதிரை குதிரையானது. செத்தவர்களின் நகங்களைச் சேர்த்துக் கட்டிய கப்பல் ஒன்று வரும். "நகமா? பாப்கார்ன் சாப்பிட்டுக்கிட்டே பாக்கறவங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க" என்றார் முதலாளி. கப்பல் மரத்துக்கு மாறியது. இடிக் கடவுளின் தேரை இழுப்பவை இரண்டு ஆடுகள். பசித்தால் அவரே அவற்றை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சுத்தியலைக் காட்டி உயிரோடு எழுப்பிவிடுவார். படத்தில் ஒரு ஆட்டைக் குறைத்தார்கள், மிச்சமிருந்த ஆட்டைப் பேசவைத்தார்கள், சாப்பாட்டை நீக்கினார்கள். பொம்மையாகக் கடைக்கு வரப்போகிற ஆட்டை எந்தக் கதாநாயகனாவது சாப்பிடுவானா?

இத்தனை மாற்றத்துக்கும் வசனம் எழுதியவளை அந்த ஆபீசில் எல்லாரும் 'வசனம்' என்றே கூப்பிட்டார்கள். நாற்பது வயது. கூட்டங்களில் அதிகம் பேசமாட்டாள். குதிரைக்கு நாலு கால் போனபோது சரி என்றாள். கப்பலுக்கு நகம் போனபோதும் சரி என்றாள். இவ்வளவு நல்ல எழுத்தாளர் கிடைப்பது கஷ்டம் என்று முதலாளி எல்லாரிடமும் சொன்னார். எழுத்தாளர் நல்லவர் என்று முதலாளி சொன்னால் எழுத்தாளர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வசனம் ஒளித்து வைத்திருந்தது ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. கதாநாயகன் இடிக் கடவுள், சுத்தியல்காரன். அவனுடைய அப்பா ஒற்றைக்கண் ராஜா. மகன் சின்னப் பையனாக இருந்தபோது போர்க்களத்தில் பின்னாலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டானாம், ராஜா திரும்பினாராம், அம்பு வந்து கண்ணில் பாய்ந்ததாம். அந்தப் புராணத்தில் வரும் ஒன்பது உலகத்துக்கும் ராஜா இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் மகன் கண்ட இடத்திலெல்லாம் சுத்தியலை வீசிக்கொண்டு திரிகிறான். காட்சியில் ராஜா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறார்: "நீ அழைத்ததால் என் கண் போகவில்லை, மகனே. தலைக்கவசத்தைக் கழற்றி வைத்திருந்தவன் நான். ஒரு ராஜா இப்படிக் கண்ணை இழந்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீ பக்கத்தில் நின்றாய். உன் மேல் போட்டுவிட்டேன்."

புராணத்தில் இது கிடையாது. அங்கே ராஜா ஞானக் கிணற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீருக்காகத் தன் கண்ணைத் தானே பிடுங்கிக் கொடுக்கிறார். வசனம் அதை மாற்றிவிட்டாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த அறையில் புராணத்தை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் காட்சியைக் காட்டிக்கொடுத்தது மெஷின்.

அந்தக் கம்பெனியில் படம் முடிந்ததும் வெளியாட்கள் அறுபது பேரைக் கூட்டிவந்து ஒரு சின்ன அரங்கில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்கள். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு குமிழ் இருக்கும். பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். திருப்பத் திருப்பக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஐந்து வினாடிக்கு மேல் குமிழ் அசையாவிட்டால் அந்த நாற்காலிக்காரர் தூங்கிவிட்டார் என்று மெஷின் எழுதிக்கொள்ளும். இதற்கென்றே ஒரு அதிகாரி இருந்தார். அவர் பெயரும் ஆபீசில் எல்லாருக்கும் மறந்துபோய், 'கிராஃப்' என்றால்தான் தெரியும். மனிதர் படத்தைப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. கோட்டைத்தான் பார்ப்பார். வீட்டில் மனைவி சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன செய்வாரோ தெரியாது.

திங்கட்கிழமை கூட்டத்தில் கிராஃப் கோட்டைச் சுவரில் ஒளியாகக் காட்டினார்.

"இங்க பாருங்க. ஓநாய் வருது, பத்துக்கு எட்டு. ஆடு பனியில வழுக்கி விழுது, ஒம்பதரை. ராஜா வாயைத் திறக்கிறார்." அவர் குச்சியால் காட்டிய இடத்தில் கோடு மேஜை விளிம்பு மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. "ஒன்னே முக்கால் நிமிஷம். மொத்த அரங்கமும் தூங்கிடுச்சு."

"தூங்கல சார்" என்றாள் வசனம். "நான் பின்னாடி நின்னு பார்த்தேன். எல்லாரும் குமிழை விட்டுட்டாங்க. ரெண்டாவது வரிசையில ஒரு அம்மா கையை வாயில வச்சுக்கிட்டிருந்தாங்க."

"கை வாயில இருந்தா குமிழ்ல இல்லை. குமிழ்ல இல்லைன்னா ஆர்வம் இல்லை."

"ஆர்வம் அதிகமானதாலதான் சார் குமிழையே மறந்துட்டாங்க."

கிராஃப் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படி மறந்தா அதை எப்படிம்மா அளக்கிறது?"

டைரக்டர் நல்ல மனிதர். கடைசியாக யார் பேசினாரோ அவர் கட்சி. "அளக்க முடியாதே" என்று தலையை ஆட்டினார்.

முதலாளி எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனார். பலகையில் அவர் கையாலேயே சிவப்பு மையில் எழுதிய விதி ஒன்று மூன்று மாதமாக அழியாமல் இருந்தது: கண்ணீர் வந்து பத்து வினாடிக்குள் சிரிப்பு வர வேண்டும். அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"இந்த இடத்துல சிரிப்பு எங்க?"

"இல்ல சார்."

"ராஜா 'உன் மேல் போட்டுவிட்டேன்'னு சொல்றார் இல்லையா, அப்ப ஆடு ஒரு தும்மல் போட்டா?"

அறையே சிரித்தது. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா மகன்கிட்ட மன்னிப்புக் கேக்கிற இடம் சார் அது."

"அதனாலதாம்மா சொல்றேன். ஜனங்களுக்குத் தாங்கணும் இல்ல? நீங்கபாட்டுக்கு மனுஷனைக் கொண்டுபோய்ச் செவுத்துல சாய்ச்சு நிறுத்தி வச்சுட்டு, ஒரு ஆட்டைக்கூட உள்ள விடமாட்டேங்கறீங்க."

உலகம் அழியும் படம் அது. சூரியனை ஓநாய் விழுங்குவது ஜனங்களுக்குத் தாங்கும், நகரங்கள் பொடிப்பொடியாவது தாங்கும். ஒரு தகப்பன் 'தப்பு என்னுடையது' என்று சொல்வது மட்டும் தாங்காது. வசனத்துக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆபீசில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. இன்னொரு தடவை காட்டிப் பாருங்கள், வேறு அறுபது பேர், அதே காட்சி, ஆடு இல்லாமல் என்று கேட்டாள். எட்டுக் காலையும் நகத்தையும் விட்டுக்கொடுத்தவள் இப்போது வாயைத் திறக்கிறாளே என்று முதலாளிக்கு ஆச்சரியம்.

"சனிக்கிழமை காலையில. கோடு எழும்பினா சீன் உங்களுக்கு. படுத்தா ஆட்டுக்கு" என்றார்.

அவள் ஏன் அந்த ஒரு காட்சிக்காக இப்படி மல்லுக்கு நின்றாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை அது.

அவளுடைய அப்பா லேத் பட்டறைக்காரர். இரும்புக் கம்பியைச் சுழலவிட்டுக் கடைந்து கொடுக்கும் வேலை. அண்ணனுக்குப் பதினோரு வயதில், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பட்டறைக்குப் போனவன் வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டான். அப்பா திரும்பினார். இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. அதிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், அப்பா ஒரே பாட்டைத்தான் பாடினார்: "இவன் போட்ட கூப்பாடு." கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்வார். அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அண்ணன் அதற்குப் பிறகு யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. இன்றைக்கும், ஐம்பதை நெருங்கும் வயதில், ரோட்டில் தெரிந்தவர் போனால் வேகமாக நடந்து அவரைத் தாண்டிப் போய், எதிரே திரும்பி நின்று சிரிப்பான். அவன் மனைவி அதை ஒரு கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா சாகிற அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையில் வசனம் மட்டும்தான் இருந்தாள். அப்பா கையைக் காட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டுச் சில வார்த்தைகள் சொன்னார், அண்ணனிடம் சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. முதல் மாதம் அழுகைக்கே நேரம் சரியாக இருந்தது. பிறகு அப்பா பேச்சை எடுத்தாலே அண்ணன் போனை வைத்துவிட்டான். நேரில் போனால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். ஆனால் சுத்தியல் படம், பறக்கிற ஆள் படம் என்றால் இரண்டு மகள்களையும் இழுத்துக்கொண்டு முதல் நாளே போய் உட்கார்ந்துவிடுவான். சரி, அங்கே உட்காரவைத்துச் சொல்லலாம், எழுந்து ஓட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. இந்த வேலையை அவள் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

சனிக்கிழமை அறுபது பேரில் ஒருவராக அண்ணனைச் சேர்த்துவிட்டாள். "ரிலீசுக்கு முன்னாடியே பார்க்கலாம், வர்றியா?" என்று கேட்டது போதும், அரைமணி நேரம் முன்னாலேயே வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான்.

"மேல வர்ற லிஃப்ட்ல மூணாவது மாடிகிட்ட ஒரு உறுமல் கேக்குது. யாரையாவது பார்க்கச் சொல்லு" என்றான். "இந்தக் குமிழை எப்பத் திருப்பணும்?"

"உனக்குத் தோணும்போது திருப்புண்ணா."

'ராஜா பேசும்போது மட்டும் வலப்பக்கம் திருப்பிடு' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அறுபது பேரிடமும் தனித்தனியாகக் கெஞ்சலாமா என்றுகூட நினைத்தாள். செய்யவில்லை.

படம் ஓடியது. அவள் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு பேசிய இடத்தில் அவன் தோள் குலுங்கியது, குமிழைக் கடைசி வரைக்கும் திருகினான். ஓநாய் வந்தபோது சீட்டின் நுனிக்கு வந்தான். பிறகு ராஜா மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ அழைத்ததால் என் கண் போகவில்லை, மகனே."

அண்ணனின் கை குமிழை விட்டது. மடியில் வந்து கிடந்தது. அவனுக்கு முன்னால் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க எடுத்தவர் துடைக்காமலே வைத்திருந்தார். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வாயிலிருந்த சூயிங்கத்தை மெல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நிமிடம் நாற்பது வினாடிக்கு அந்த அரங்கில் ஒரு குமிழ்கூட அசையவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிராஃப் தன் கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

கோடு போனால் போகட்டும். அவன் கேட்டுவிட்டான், அது போதும் என்று வசனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் எழுதிய வரிக்குத் தானே அழுவது எழுத்தாளர்களுக்கு ஒரு சுகம். அவளும் அதை அனுபவித்தாள்.

படம் முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அண்ணன் வராந்தாவில் குடிதண்ணீர் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாளை முழங்கால் மேல் வைத்துச் சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் நின்றாள்.

"படம் எப்படிண்ணா?"

"ஆடு சூப்பர். என் பொண்ணுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சண்டைதான் கொஞ்சம் நீளம்." பேனாவை மூடினான். "எந்த இடத்தை எடுத்துடலாம்னு இதுல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. அந்தக் கிழவன் கண்ணைப் பத்திப் பேசறான் பாரு, அதை எடுத்துடுங்கன்னு எழுதியிருக்கேன். நீ எழுதினதா அது?"

"ஆமா."

"கோச்சுக்காத. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நம்பற மாதிரி இல்லை. பறக்கிற சுத்தியலை நம்பலாம், பேசற ஆட்டையும் நம்பலாம். எந்த அப்பன் மகனைக் கூப்பிட்டு உட்காரவச்சு இப்படி ஒத்துக்குவான்?"

சாதாரணமாகத்தான் சொன்னான். உறுமுகிற லிஃப்டைப் பற்றிச் சொன்ன அதே குரல். இத்தனை வருஷம் செதுக்கி, கவசம் போட்டு, கிரீடம் வைத்து, பின்னணி இசையோடு அனுப்பிவைத்த செய்தி போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்து, அவன் அதைப் படித்துவிட்டு விலாசம் தப்பு என்று திருப்பிக் கொடுக்கிறான்.

"ஒத்துக்கிட்டார்ணா."

"யாரு?"

"அப்பா."

அவன் வழக்கம்போல எழுந்து கிளம்புவான் என்று நினைத்தாள். பாதி எழுந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"கடைசி நாள் சாயங்காலம். நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. 'அவன் கூப்பிட்டதால இல்லம்மா'ன்னார். 'வேர்த்துச்சுன்னு கண்ணுக்குப் போடற கண்ணாடியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வேலை செஞ்சேன். பட்டறையில எல்லாருக்கும் கண்ணாடி போடச் சொல்லிக் கத்துறவன் நான். வெளிய சொன்னா சிரிப்பானுங்க. இவன் வந்து நின்னான், இவன் மேல போட்டுட்டேன். அவன்கிட்ட சொல்லிடு'ன்னார். அவ்வளவுதான்."

அண்ணன் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தான். மறுபடி பிரித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கிராஃப் வந்தார். முகமெல்லாம் வெற்றி.

"வசனம்! மறுபடியும் படுத்துடுச்சு. போன தடவையைவிடச் சுத்தமா. முதலாளி கேக்கறார், ஆடு தும்மினதும் ராஜா என்ன சொல்லணும்னு ஒரு வரி..."

"நீங்களே ஏதாவது போட்டுக்குங்க சார்" என்றாள், திரும்பாமலே. கிராஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அளக்க எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, உள்ளே போய்விட்டார்.

அண்ணன் கீழே தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் மருந்து வாங்கிட்டு மேல வந்தப்ப அவர் இருந்தாரா?"

"இருந்தார். பேச்சு நின்னுடுச்சு."

"நான் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சுடுங்கப்பான்னு கேட்டேன். நீ பக்கத்துலதான் நின்ன."

அண்ணன் தாளைச் சட்டைப் பையில் செருகினான்.

"அவர் முப்பது வருஷம் சொல்லலை. சரி, அவருக்கு வெட்கம். விட்டுடலாம்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "நீ ஆறு வருஷமா என்ன பண்ணிட்டிருந்த?"

நீ போனை வைத்துவிட்டாய், நேரில் வந்தால் ஓடிவிட்டாய் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் இன்றைக்கு இந்த நாற்காலிக்கு எதிரே நின்று அப்பா சொன்னதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுத்தியல், ராஜா, ஒன்பது உலகம் எதுவும் தேவைப்படவில்லை. இவ்வளவு நல்ல வரியைச் சும்மா போனில் சொல்லி வீணாக்குவதா என்று என்றைக்கோ ஒரு நாள் நினைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது எரிந்தது.

"எழுதிக்கிட்டிருந்தேண்ணா" என்றாள்.